கலியாண வீட்டு முற்றத்தில் ஓர் ஆமை

என் பிள்ளைக்கு,

உனக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது என்பதை அம்மா குசினிக்குள் நின்றபடிதான் எனக்குச் சொன்னாள். அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வவுனியாவில் பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான ஆள், நீயே தெரிந்தெடுத்தவர் என்றாள். மகளின் கலியாணத்தைத் தகப்பன் இன்னொருவர் வாயால் கேட்டறிவதென்றால் வேறு வீடுகளில் பெரிய சண்டை நடந்திருக்கும். நான் "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு கிழிந்த வலையைப் பொத்தப் போய்விட்டேன். கோபப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அது என்னிடம் இல்லை என்பது உனக்கும் தெரியும், நாரந்தனை ஊர் முழுவதற்கும் தெரியும்.

கலியாணம் முடிக்கப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். நானும் சொல்ல நினைக்கிறேன். ஆனால் உன் தம்பியின் கலியாணத்தில் நடந்ததைப் பேசாமல் உனக்குப் புத்தி சொல்லத் தொடங்கினால் நீ முதல் வரியிலேயே கடதாசியை மடித்து வைத்துவிடுவாய். அதில் பாதி உன் கண்முன்னால் நடந்தது. மீதிப் பாதி நீ வாசல் படலையைத் தாண்டிப் போன பிறகு நடந்தது. இரண்டையும் எழுதுகிறேன்.

உனக்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் வேலை கிடைத்த நாளில் இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். சீருடையோடு நீ நின்ற படத்தைச் சட்டம் போட்டு, இயேசுவின் திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். கடற்கரையில் யாராவது கேட்டால் "மகள் அரசாங்க உத்தியோகம்" என்பேன். என்ன வேலை என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. ஒருமுறை வன்னியிலிருந்து தொலைபேசியில், வயலுக்குள் இறங்கிய யானைக்கும் பொல்லுகளோடு நின்ற சனத்துக்கும் நடுவில் விடியும்வரை நின்றதாகச் சொன்னாய். நான் அதைக் கேட்டுவிட்டு, "எப்ப யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் தருவினம்?" என்றேன். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து நான் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு மாற்றம் கிடைத்தது. நீ யாழ்ப்பாணத்துக்கு வந்தாய். அப்போதிருந்து உன் ஞானம் மாமாவின் பேச்சே மாறிவிட்டது. "எங்கட வீட்டிலையே வனசீவராசி இருக்கேக்கை எங்களுக்கு ஆர் என்ன செய்யிறது?" என்று கள்ளுக்கொட்டிலில் சொல்லித் திரிந்தான். நான் அவனைத் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதுகூடச் சரியான சொல் இல்லை. அது எனக்கு இனித்தது. போரிலும் இடப்பெயர்விலும் எத்தனையோ சீருடைக்காரருக்கு முன்னால் தலை குனிந்து நின்றவன் நான். இப்போது ஒரு சீருடை என் வீட்டுக் கொடியில் காய்கிறது. அந்தச் சீருடை எனக்குச் சொந்தம் என்று நினைத்துவிட்டேன்.

இதை நீ கவனித்தாயோ தெரியாது. மற்ற வருடங்களில் எங்கள் ஆட்களின் வலையில் ஆமை பட்டால், ஊருக்குள் கொண்டுவர மாட்டார்கள். சனம் போகாத கரையில், தாழம்பற்றைக்குப் பின்னால் வைத்து வெட்டிப் பங்கு போட்டுவிட்டு, அதன் ஓட்டைக் குழி கிண்டி மண்ணுக்குள் தாட்டுவிட்டு வருவார்கள். சட்டத்துக்கு அந்த அளவு பயமாவது இருந்தது. தம்பியின் கலியாணத்துக்கு முதல்நாள்தான் ஒரு பேராமையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தார் ரோட்டால், பட்டப்பகலில், எங்கள் முற்றத்துக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். உன்னை நம்பித்தான் அதைச் செய்தார்கள், பிள்ளை. சட்டம் எங்கள் வீட்டுப் பெண் என்ற துணிவு.

நீ பின்னேர பஸ்ஸில் வந்தாய். தம்பிக்கு வாங்கிய சேட் பை ஒரு கையில், மற்றக் கையில் செருப்பு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுக்கச் சேறு. பந்தலுக்குள் பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானம் உன்னைக் கண்டதும் பெரிய சத்தமாய்க் கூப்பிட்டான்.

"பிள்ளை, இஞ்சை வா! உனக்குப் பிடிச்ச சாமான் வந்திருக்கு!"

முற்றத்து ஓரக் கொட்டிலுக்குள் ஆமை மல்லாந்து கிடந்தது. துடுப்புகளை நைலோன் கயிற்றால் கட்டி, மேலே ஈரச்சாக்குப் போட்டிருந்தார்கள். நீ சாக்கை விலக்கிப் பார்த்தாய். அதன் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆமைக்குக் கரையில் அப்படி வடிவது இயல்பு என்று நான் சின்ன வயதிலிருந்து அறிந்தவன். ஆனாலும் அன்றைக்கு நீ பக்கத்தில் நிற்க, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அப்பா, இதை விடச் சொல்லுங்கோ," என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய்.

ஞானம் சிரித்தான். "சின்னனிலை நீயும் திண்டனீதானே?"

"ஓம், திண்டனான். தெரியாமல் திண்டனான். இப்ப தெரியும்."

சுட்டுக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் "அவிழ்த்து விடுங்கோடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஞானம் நாலு பேச்சுப் பேசிவிட்டு அடங்கியிருப்பான். நான் சொன்னது வேறு. "நீ எனக்கு மகளோ, அரசாங்கத்துக்கு மகளோ?" என்றேன். அதோடும் நிறுத்தவில்லை. "எந்த அரசாங்கம்? எங்கட காணிக்குள்ளை முகாம் அடிச்சிருந்த அரசாங்கமோ? அக்கரை இந்திய இழுவைப்படகு வந்து எங்கட கடலை வழிச்சுக்கொண்டு போகேக்கை பாத்துக்கொண்டு நிக்கிற அரசாங்கமோ? அதுவோ ஆமையைக் காப்பாத்தப் போகுது?" என்று கத்தினேன். நான் சொன்ன எதுவும் பொய் இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. உண்மையான ஒரு கோபத்தை எடுத்து, ஒரு பிழையான காரியத்துக்கு முன்னால் மறைப்பாகக் கட்டினேன்.

நீ கத்தவில்லை. "அரசாங்கம் பிழை விட்டா நாங்கள் போய்க் கேக்கலாம், அப்பா. நாங்கள் விட்டா ஆரிட்டைக் கேக்கிறது?" என்றாய்.

நான் படலையைக் காட்டினேன். "உன்ர உத்தியோகத்தை வெளியிலை வைச்சிட்டு உள்ளுக்கு வா. இல்லாட்டி வராதை."

நீ தம்பியின் சேட் பையைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனாய். ஒழுங்கை முகப்பில் நின்று தொலைபேசி எடுப்பது தெரிந்தது. ஞானத்துக்கும் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். "என்ன அத்தான் செய்யிறது?" என்று கேட்டான். இப்போதும் அவிழ்த்துவிட நேரம் இருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில்தான். நான், "கெதியா வெட்டு" என்றேன்.

நீ பார்க்காதது இதுதான். பசிக்கோ பந்திக்கோ அதை வெட்டவில்லை. நீ சொன்னது நடக்கக்கூடாது என்பதற்காகவே வெட்டினோம். வயிற்றுக்குள் முட்டை இருந்தது. மஞ்சள் மஞ்சளாய், ஓடு வைக்காத முட்டை, குவியலாய். அம்மா எட்டிப் பார்த்தாள். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இறைச்சியை யாரோ வாளிகளில் கொண்டுபோய் எங்கோ மறைத்தார்கள். ஓட்டைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் தாட்டார்கள். அவசரத்தில் ஆழமாய்க் கிண்டவில்லை.

உன் திணைக்களக் கந்தோர் ஆட்கள் வந்தபோது நீ அவர்களுக்குப் பின்னால் ரோட்டிலேயே நின்றாய். ஓட்டைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிகநேரம் எடுக்கவில்லை. தலை நரைத்த பெரிய உத்தியோகத்தர், "இதை வெட்டினது ஆர்?" என்று கேட்டார். முற்றத்தில் அத்தனை ஆம்பிளைகள் நின்றோம். ஒவ்வொருவரும் அடுத்தவனைப் பார்த்தோம். அப்போதுதான் தம்பி முன்னால் வந்தான். தலைமயிர் வெட்டுவித்துக்கொண்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்தவன், நடந்தது பாதிகூடத் தெரியாதவன், என் முகத்தையும் மாமாவின் முகத்தையும் பார்த்துவிட்டு, "நான்தான் ஐயா" என்றான். விடிந்தால் அவனுக்குக் கலியாணம். பிள்ளை, என் மகன் எனக்காகக் குற்றத்தைத் தன் தலையில் போடுகிறான், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீதான் படலைக்குள் வந்தாய்.

"தம்பி பொய் சொல்லுறான் ஐயா. அவன் வீட்டிலையே நிக்கேல்லை. கொட்டிலுக்குள்ளை அப்பாவும் மாமாவும் நிண்டவை. நான் கண்டனான்."

அந்தப் பெரியவர் உன்னைத் தனியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குக் கேட்டது. "நீர் வாக்குமூலம் குடுக்கத் தேவையில்லை, பிள்ளை. ஓடு அகப்பட்டதே காணும். நாங்கள் பாத்துக்கொள்ளுவம்." நல்ல மனிசன். உனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். நீ அந்த வழியால் போகவில்லை. "வேறை வீடெண்டா நான் குடுப்பன்தானே ஐயா," என்றாய்.

அடுத்தநாள் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் தனியே இருந்தாய். உன் பக்கத்தில் இடம் இருந்தும் ஒருவரும் வந்து இருக்கவில்லை. திருப்பலி முடிந்ததும் தம்பிக்கும் மருமகளுக்கும் கைகொடுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் ஹோல்ட்டுக்குப் போனாய். அம்மா பந்தியை விட்டுவிட்டு ஒரு சாப்பாட்டுப் பாசலைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உன் பின்னால் ஓடினாள். நீ ஹோல்ட்டில் இருந்து சாப்பிட்டதையும், அவள் பக்கத்தில் நின்று வெயிலை மறைத்ததையும் நான் பந்தலிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, யாரோ விருந்தாளியிடம் "சோறு வைக்கட்டோ?" என்று கேட்கத் திரும்பிவிட்டேன்.

வழக்கு வந்தது. ஞானம்தான் சட்டத்தரணியைப் பிடித்தான். அவர் எங்களை இருத்திவைத்து, "மகளுக்கும் உங்களுக்கும் முன்பின் ஏதும் சச்சரவு இருக்கோ?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஞானம், "சீதனக் காணியிலை மனத்தாங்கல் எண்டு சொல்லுவம்" என்றான். சட்டத்தரணி என்னைப் பார்த்தார். நான் "ம்" என்றேன். ஒரு முழுச் சொல்கூட இல்லை. அந்த ஒற்றை எழுத்தை எழுத முடியாமல்தான் இந்தக் கடிதத்தை எத்தனையோ தரம் தொடங்கி இடையில் நிறுத்தினேன்.

நீதிமன்றத்தில் எங்கள் சட்டத்தரணி உன்னை முதலில் வேறு விதமாய் மடக்கப் பார்த்தார். "கடலில் திரியும் ஆமை யாருக்குச் சொந்தம்? அரசாங்கத்துக்கா?" என்று கேட்டார். நீ, "இல்லை. அது எல்லாருக்கும் சொந்தம். இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் சொந்தம். அவர்கள் இங்கே வந்து கேட்க முடியாது. அதனால் அவர்களுக்காக அரசாங்கம் பொறுப்பேற்று வைத்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்," என்றாய். யானைக்கும் சனத்துக்கும் நடுவில் நீ ஏன் நின்றாய் என்பது எனக்கு அந்தக் கூண்டுக்குள் நிற்கும்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகுதான் அவர் சீதனக் காணியைப் பற்றிக் கேட்டார்.

நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். ஆமையை வெட்டியபோது வராத பார்வை அது. கோபம் இல்லை. இதையும் இந்த மனிசன் செய்வாரோ என்று கண்டுபிடித்த பார்வை. பிறகு நீதவானாக இருந்த பெண்மணியிடம் திரும்பி, "அப்படி ஒன்றும் இல்லை. அப்பா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை," என்றாய்.

"பொய் அம்மா," என்று கூண்டிலிருந்து சொன்னேன். "காணிக்கதை பொய். வெட்டச் சொன்னது நான்தான். பிள்ளை சொன்னது எல்லாம் உண்மை." சட்டத்தரணி கையால் சைகை காட்டினார். ஞானம் என் சேட்டைப் பிடித்து இழுத்தான். நீதவான் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை நீர் முதலே சொல்லியிருக்கலாம்," என்றார். அவ்வளவுதான். தண்டம் கட்டினோம். ஆனால் அந்த வசனம் தண்டத்தோடு போகவில்லை.

வெளியே நீ ஜீப்பில் ஏறப் போனாய். நான் ஓடிவந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். வாயில் வந்தது, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்பதுதான்.

"இனித்தான் அப்பா," என்றாய். ஜீப் போய்விட்டது. அதன்பிறகு நாங்கள் பேசவில்லை. நீயே கேட்டு மறுபடி வன்னிக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள்.

அதன்பிறகு நான் அதிகம் யோசித்தது எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி. இடப்பெயர்வு முடிந்து இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, கூரை ஓடும் இல்லை. நீ சின்னப்பிள்ளை. வாசலில் நின்று, "எங்கட கதவை ஆர் அப்பா கழட்டினது?" என்று கேட்டாய். "கள்ளர். ஆளில்லாத வீடெண்டா ஆரும் கை வைக்கலாம் எண்டு நினைக்கிற கள்ளர்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர்களும் என்னைப் போல ஏதோ ஒரு நியாயம் சொல்லித்தான் கழற்றியிருப்பார்கள். நாங்கள் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுப்பார்கள் என்று. காவல் காக்க அரசாங்கம் எங்கே என்று. அவர்களை மன்னிக்க இன்றுவரை என்னால் ஏலாது. அப்படியென்றால் என்னை என்ன செய்வது?

போன மாரிக்கு முன்னர், இழுவைப்படகுப் பிரச்சினையைக் கேட்க மேலிடத்து உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வந்தார். நான் எழுந்தேன். "கடலைக் காக்கிறது உங்கட பொறுப்பு. அது எங்கட பிள்ளையளுக்கும் சேத்து உங்களிட்டை விட்டு வைச்சிருக்கிறது," என்று தொடங்கினேன். உன் வார்த்தைகள்தான். பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஆமை திண்டவர் கதைக்கிறார், கேளுங்கோ!" என்றான். மண்டபம் சிரித்தது. உத்தியோகத்தரும் சிரித்தார். நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். கேட்க வேண்டிய கேள்வி, நியாயமான கேள்வி. அன்றைக்கு அதைக் கேட்க வேறு யாரும் எழவில்லை. வந்தவர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆமையோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் நான் வெட்டிவிட்டேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

திருந்திவிட்டேன் என்று சொல்லவும் முடியாது. பிறகொரு நாள் சுருவில் ஊர்ப் பக்கக் கரையில் எனக்குத் தெரிந்த சிலர் என்னைக் கண்டதும் எதையோ படங்குத் துணியால் மூடினார்கள். "அண்ணை, மகளிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ," என்றான் ஒருவன். நான் சிரித்து, "நானென்ன பொலிசோ?" என்றுவிட்டு நடந்தேன். அந்தச் சிரிப்பு வீடுவரை என்கூட வந்தது. விடிந்ததும் திரும்பப் போய், "நேற்று நான் சொன்னது பிழை. இனி ஒருக்காக் கண்டா சொல்லுவன்," என்றேன். அதிலிருந்து வள்ளம் கரையேற்றும்போது எங்களுக்கு ஒருவரும் கை கொடுப்பதில்லை. தம்பியும் நானும் மட்டும் இழுக்கிறோம். அவன் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. ஞானம் இன்னும் என்னோடு பேசுவதில்லை. இதை ஒரு பெருமையாய் எழுதவில்லை. நீ அன்று தனியே அந்த வாங்கில் இருந்தது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது, அவ்வளவுதான்.

இனி புத்தி. நீ போகும் வீட்டில் உன்னை மருமகள் என்று கொண்டாடுவார்கள். பிறகு ஒருநாள் யாரோ ஒரு சித்தப்பா, காட்டு இறைச்சியோ களவாய் வெட்டிய முதிரைமரமோ ஏற்றிய வண்டி ஒன்று பிடிபட்டிருக்கிறது, ஒரு சொல்லுச் சொல்லம்மா என்று வருவார். அன்பாகத்தான் கேட்பார். என்னைப் போலக் கத்த மாட்டார். கத்துகிறவனை எதிர்ப்பது சுலபம். அன்பாய்க் கேட்கிறவனிடம் கவனமாய் இரு. மாப்பிள்ளையிடம் கலியாணத்துக்கு முதலே என் கதை முழுவதையும் சொல். மறைக்காதே. என் மானத்தைப் பார்க்காதே. இன்னொன்று: உன் மேலிடம் பிழை விட்டால் அதையும் இதே குரலில் கேள். அரசாங்கத்துக்குக் காவல் நிற்கிறவளாய் மாறிவிடாதே. அரசாங்கத்திடம் விட்டு வைத்திருப்பதற்குத்தான் நீ காவல்.

கலியாணத்தை எங்கள் கோயிலில் வைக்கலாமா என்று அம்மா உன்னிடம் கேட்டாளாம். நீ, "அப்பா என்ன சொல்லுறார்?" என்றாயாம். அம்மா இதை என்னிடம் சொன்ன நாளிலிருந்து எனக்கு வலையில் கை ஓடவில்லை. இங்கேயே வை, பிள்ளை. ஊர் வருமோ தெரியாது. வராவிட்டால் நாங்கள் நாலுபேரும் மாப்பிள்ளை வீட்டாரும் போதும். உன் கந்தோர் ஆட்களை எல்லாம் கூப்பிடு. அந்த நரைத்த பெரியவரையும் கட்டாயம் கூப்பிடு. அன்றைக்கு அவருக்கு இருக்க நாங்கள் ஒரு கதிரைகூடப் போடவில்லை. வந்ததும் அவர்களைப் பந்தலில் இருத்தாதே. நேரே குசினிக்குக் கூட்டிவா. எல்லாச் சட்டியையும் திறந்து பார்க்கட்டும். மூடிகளை நானே தூக்கிப் பிடிக்கிறேன். பார்த்து முடித்த பிறகு, மனம் இருந்தால், எங்களோடு இருந்து சாப்பிடட்டும்.

அப்பா